பதினேழாம் நம்பர் பீன்ஸ்

என் அண்ணிக்குச் ‘சரி’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. பேருந்தில் கண்டக்டர் “உள்ள போங்கம்மா” என்றால், “உள்ள எங்க இடம் இருக்கு? நீங்க வந்து நின்னு காட்டுங்க, நான் போறேன்” என்பாள். திருமணத்தைப் பதிவு செய்யப் போன இடத்தில், படிவத்தில் தன் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடாமல் ஒன்றரை மணி நேரம் நின்றவள். பக்கத்தில் மாப்பிள்ளையாக நின்ற என் அண்ணன் பசியில் வாடிப்போனான். இத்தனைக்கும் அவளை அவனுக்குப் பார்த்துக் கொடுத்தவளே நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று அன்றைக்கே சொன்னேன். நிஜமாகவே ஒருநாள் வீடு முழுக்க மண் வந்து சேரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் இருவரும் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தவர்கள். அவள் துவைக்கும் பக்கம், நான் மடிக்கும் பக்கம். அவள் பக்கம் எந்நேரமும் ஆவியும் ஈரமும். என் பக்கம் இஸ்திரிச் சூடும் வெள்ளைப் படுக்கை விரிப்பும். வயதில் எனக்கு நான்கு மாதம் இளையவள், முறைக்கு அண்ணி. அதனால் நான் அவளை அண்ணி என்று கூப்பிட்டு, நீ வா போ என்று பேசுவேன். அவள் என்னை ‘நாத்தனாரே’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு மானத்தை வாங்குவாள். அண்ணன் இறந்து ஆறு வருடம் ஆகிறது. நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை, அவளும் போ என்று சொல்லவில்லை. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. ஒருநாள் முழுக்க எங்களுக்குள் சண்டை வரவில்லை என்றால், இருவரில் ஒருத்திக்குக் காய்ச்சல் என்று பொருள்.

ரயில் பாதையை ஒட்டி நகராட்சிக்குச் சொந்தமான ஒரு வெற்றிடம் இருந்தது. அதை நாற்பது துண்டாகப் பிரித்து, காய்கறி போட விரும்புகிறவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பேர் எழுதிவைத்துவிட்டு ஏழு வருடம் காத்திருந்தாள் அண்ணி. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது பதினேழாம் நம்பர் துண்டு. கேட்டிலிருந்து வெகு தூரம். ரயில் வேலிக்குக் கீழே. யாருமே வேண்டாம் என்று ஒதுக்கிய மூலை. அங்கே முன்பு ஏதோ கட்டடம் இருந்து இடித்திருக்கிறார்கள். மண்வெட்டியைப் போட்டால் ணங்கென்று செங்கல் இடிக்கும். பக்கத்துத் துண்டுக்காரர்கள், “அது சபிச்ச துண்டும்மா, வேற வர்ற வரைக்கும் காத்திருங்க” என்றார்கள். அப்படிச் சொன்னது போதாதா? அன்றைக்கே கடப்பாரை வாங்கினாள்.

இரண்டு வருடம் அவள் அங்கே காய்கறி பயிர் செய்யவில்லை, செங்கல்தான் அறுவடை செய்தாள். வேலை முடிந்து போவாள், இருட்டுமுன் திரும்புவாள். திரும்பும்போது துணிப்பை நிறைய செங்கல் கட்டியும் கண்ணாடிச் சில்லும் இருக்கும். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். “என்னம்மா, வீடு கட்டுறீங்களா?” என்று யாரோ கேட்டதற்கு, “இல்ல, பிரிக்கிறேன்” என்றாளாம். நானும் என் பங்குக்குக் கிண்டல் பண்ணினேன். கடையில் கால் கிலோ தக்காளி வாங்குவதைவிட்டு இந்த வயதில் இது என்ன கூத்து என்று தினமும் கேட்டேன். எனக்கு மண் ஆகாது. முப்பது வருடம் வெள்ளைத் துணியில் ஒரு புள்ளி இருந்தால்கூடத் திருப்பி அனுப்பியவள் நான்.

மூன்றாவது வருடம் வாங்கி வந்த நாற்று எல்லாம் செத்தது. தக்காளி வாடியது, கீரை மஞ்சளாகியது, வெள்ளரி எட்டிப் பார்த்ததோடு சரி. ஒரு பாக்கெட் பீன்ஸ் விதை போட்டதில் ஒரே ஒரு கொடி மட்டும் வேலியைப் பிடித்து ஏறியது. அது காய்த்தது. அண்ணன் ஆசையாகக் கை நீட்டினான். கையில் ஓர் அடி விழுந்தது. அந்தக் கொடியின் காயில் ஒன்றைக்கூட யாரையும் தொட விடவில்லை. அப்படியே கொடியிலேயே காயவிட்டு, விதை எடுத்து, மறு வருடம் விதைத்தாளாம். அந்த மண்ணிலேயே பிறந்த விதை அந்த மண்ணுக்குப் பயப்படவில்லை. அதில் நன்றாக வந்த கொடியின் விதையை எடுத்து அடுத்த வருடம், அதில் நன்றாக வந்ததை அதற்கு அடுத்த வருடம் என்று பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. பால் நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் கருஞ்சிவப்புத் திட்டு உள்ள விதை. எந்தக் கடையிலும் அப்படி ஒன்று கிடையாது. எங்கள் வீட்டில் அதற்குப் பதினேழாம் நம்பர் என்றே பெயர்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த கதை. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டில், அதில் விதை, வருடா வருடம் வீட்டுக்குக் கூடை கூடையாகப் பீன்ஸ். அந்தப் பாட்டிலில் விதை எப்படி நிரம்புகிறது என்று நான் ஒருநாள்கூட யோசித்தது கிடையாது. உப்பு ஜாடி நிரம்புவதுபோல அதுவும் நிரம்புகிறது என்று நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள்.

போன வருடம் அந்தப் பாட்டிலின் மூடி சரியாக மூடாமல், உள்ளே வண்டு விழுந்துவிட்டது. அண்ணி திறந்து பார்த்தபோது பாதி பாட்டில் மாவாக இருந்தது. தரையில் துணி விரித்து ஒவ்வொரு விதையாகப் பொறுக்கினாள். ஓட்டை இல்லாதது நாற்பதுதான் தேறியது. சுற்றியுள்ள துண்டுக்காரர்கள் எத்தனையோ பேருக்கு அந்த விதையைக் கொடுத்திருந்தாள், போய்க் கேட்டாள். எல்லோரும் காயைத் தின்று தீர்த்திருந்தார்கள், விதைக்கு என்று ஒருத்தரும் விடவில்லை. நாற்பதையும் அந்த வருடம் நட்டாள். நாற்பதும் முளைத்தது என்று கேள்வி. ஆனால் வீட்டுக்கு ஒரு காய் வரவில்லை.

“என்ன அண்ணி, உன் பீன்ஸ் இந்த வருஷம் லீவுல போயிடுச்சா?” என்று கேட்டேன்.

“இந்த வருஷம் சாப்பிடறதுக்கு இல்ல” என்றாள்.

அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவள் யார், கேட்க நான் யார்? காய்ப்பு பிடிக்கவில்லை, அதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வீம்புக்குப் பேசுகிறாள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் முட்டி முழுசாக மக்கர் பண்ணியது. முப்பத்தோரு வருடம் ஈரத் தரையில் நின்ற முட்டி. ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். “இன்னும் மூணு வாரம் பொறுத்து வரேன்” என்று டாக்டரிடம் பேரம் பேசினாள். டாக்டர் மசியவில்லை. மருத்துவமனையில் படுத்த நாளிலிருந்து மழை வருமா, மழை வருமா என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அடிக்கிறதே, எதற்கு இந்தக் கவலை என்று எனக்கு விளங்கவில்லை.

அவள் படுத்த ஐந்தாம் நாள் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தோட்டச் சங்கத்தின் செயலாளர் அனுப்பியது. இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. ஊருக்குப் போனவர்களின் செடிக்கெல்லாம் தானே தண்ணீர் ஊற்றுவார். ஆனால் சட்டைப் பையில் பச்சை அட்டை போட்ட விதிப்புத்தகம் ஒன்று வைத்திருப்பார். அதைத் திறந்துவிட்டால் அவர் வேறு ஆள். அண்ணி அவருக்கு வைத்த பெயர் ‘விதி சார்’. நோட்டீஸில் இப்படி இருந்தது: பதினேழாம் நம்பர் துண்டு பராமரிப்பின்றிக் காய்ந்து கிடக்கிறது, வெள்ளிக்கிழமை பார்வையிடும்போதும் இதே நிலை இருந்தால் துண்டு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போகும்.

அந்தத் துண்டு போனால் அண்ணி என்ன ஆவாள்? அண்ணன் போன மறுநாள்கூட அங்கேதான் போய் உட்கார்ந்தாள். ஆனால் படுக்கையில் கிடப்பவளிடம் இதைச் சொல்லி ரத்த அழுத்தத்தை ஏற்றுவதா? சொல்லவே வேண்டாம், நாமே முடித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். என் பெரிய மனதை நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். பார்த்தால் நோட்டீஸில் எழுதியது பொய்யே இல்லை. நாற்பது கொடியும் பழுப்பாகக் காய்ந்து கொம்பைப் பிடித்துத் தொங்குகின்றன. காய்கள் எல்லாம் ஓலை நிறத்தில் சுருண்டு, தொட்டால் கிலுகிலு என்கின்றன. வண்டு விழுந்த பாட்டிலைப் பார்த்தவள் இல்லையா நான், இதுவும் அதே கேடுதான் என்று நினைத்தேன். அடி முதல் நுனி வரை பிடுங்கினேன். வீட்டிலிருந்து ஒரு பழைய படுக்கை விரிப்பு கொண்டு போயிருந்தேன். அதில் அள்ளிப் போட்டு, நான்கு முனையில் மூன்றைக் கையில் பிடித்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது உரக்குழி வரைக்கும் தரதரவென்று இழுத்தேன். துண்டிலிருந்து குழிக்கு இருநூறு அடியாவது இருக்கும். ஏழு நடை நடந்தேன். பிறகு துண்டைப் பெருக்கினேன். ஆமாம், மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கினேன். கொம்புகளை உயர வரிசைப்படி அடுக்கினேன். விரிப்பு மடித்த கை, சும்மா இருக்குமா?

வெள்ளிக்கிழமை விதி சார் வந்தார். பார்த்துவிட்டு, “துண்டுன்னா இப்படி இருக்கணும்மா!” என்று போட்டோ எடுத்தார். அதை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே மருத்துவமனைக்கு ஓடினேன்.

“அண்ணி, உனக்கு ஒரு சமாச்சாரம். துண்டுக்கு நோட்டீஸ் வந்துது. நான் சமாளிச்சுட்டேன்.”

“என்ன நோட்டீஸ்?”

“காய்ஞ்சு கிடக்குன்னு. எல்லாத்தையும் பிடுங்கி, சுத்தம் பண்ணி, விதி சாரே போட்டோ எடுத்து ஒட்டற மாதிரி ஆக்கிட்டேன்.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். “எல்லாத்தையும்னா?”

“அந்தக் காஞ்ச காயோட இருந்த கொடியெல்லாம்தான்.”

“அது காஞ்ச காய் இல்லடி” என்றாள். என்னை அவள் ‘டி’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அது நெற்று. விதைக்கு விட்டிருந்தேன். நாப்பது கொடியையும் விதைக்குத்தான் விட்டிருந்தேன்.”

விதை, பாட்டிலில் இருந்து வருவதில்லை என்று எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. “குழியிலதானே போட்ட? நாளைக்கு டிஸ்சார்ஜ். நேரா அங்கதான் போறோம்” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை டாக்சி வீட்டுக்குப் போகவில்லை, தோட்டத்துக்குப் போனது. அண்ணி வாக்கரை ஊன்றிக்கொண்டு உரக்குழி வரைக்கும் வந்துவிட்டாள். மேலாகவே கிடந்தது கொடி. நெற்றுகள் கண்ணுக்குத் தெரிந்தன. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து விதி சார் வந்து நின்றார்.

“குழியிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதும்மா” என்றார். “விதி ஒன்பது. பொது இடத்துல சேர்ந்தது பொதுச் சொத்து. கமிட்டி அனுமதி இல்லாம ஒருத்தர் தனியா எடுக்க முடியாது.”

ராத்திரியில் வந்து உரத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனவர்களால் வந்த விதி அது. யாரோ செய்ததற்கு நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

“சார், அது என் கொடி. தெரியாம போட்டுட்டாங்க. நெற்றை மட்டும் பொறுக்கிக்கிறேன்.”

“மனு எழுதிக் கொடுங்க. செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடுது. கண்டிப்பா அனுமதி வாங்கித் தரேன்.”

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் மழை உங்க கமிட்டிக்காகக் காத்திருக்குமா?” என்றாள் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ இறங்கு.”

நான் குழியைப் பார்த்தேன். விதி சாரைப் பார்த்தேன். அவர் புத்தகத்தைக் கையில் எடுத்து வைத்திருந்தார். முப்பது வருடம் சூப்பர்வைசர் சொன்ன பக்கத்தில் மடிப்பு வைத்தவள் நான். அனுமதி இல்லாத இடத்தில் கால் வைத்துப் பழக்கம் இல்லை. “செவ்வாய்க்கிழமைதானே அண்ணி...” என்று இழுத்தேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வாக்கரைத் தள்ளிவிட்டு, தையல் பிரிக்காத காலைத் தானே குழிக்குள் வைத்தாள். வழுக்கி விழுந்தாள். அலறவில்லை, விழுந்த இடத்திலேயே கையை நீட்டி நெற்றைப் பிடிக்கப் பார்த்தாள். முட்டியில் போட்ட பேண்டேஜில் ரத்தம் கசிந்தது. விதி சார்தான் பதறிப்போய் முதலில் குதித்து அவளைத் தூக்கினார். மறுபடி அதே டாக்சி, மறுபடி மருத்துவமனை. வழியில் மழை கொட்டத் தொடங்கியது.

நான்கு நாள் விடாமல் பெய்தது. செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடி, முத்திரை குத்தி, அனுமதிக் கடிதம் கொடுத்தது. புதன்கிழமை நான் குழிக்குள் இறங்கினேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது, மக்குகிற குப்பைக்கு அத்தனை சூடு உண்டு என்று யாருக்குத் தெரியும்? சலவைப் பிரிவில் அவள் பக்கம் வருமே, அதே ஆவி என் முகத்தில் அடித்தது. நெற்றெல்லாம் கறுத்துக் கூழாகியிருந்தது. ஒரு பிடி விதை பொறுக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அண்ணி ஒன்றை நசுக்கிப் பார்த்தாள். வெந்த விதை. ஈரத் துணியில் சுற்றி ஒரு வாரம் வைத்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

அப்புறம் வீட்டில் பேச்சு நின்றது. சண்டையாவது போடுவாள் என்று பார்த்தேன். வேண்டுமென்றே அவள் டம்ளரில் காப்பி குடித்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். ம்ஹூம். ஒருநாள் பொறுக்க முடியாமல், “அண்ணி, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடேன்” என்று அழுதேவிட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “முப்பத்தோரு வருஷம் துவைச்சேன். அதுல ஒரு துணி என்னுது இல்ல. இது ஒண்ணுதான் என்னுதுன்னு இருந்துது.”

அவள் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அன்றிலிருந்து துண்டைப் பார்த்துக்கொள்ள நானே போனேன். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் போவேன், களை பிடுங்குவேன், வருவேன். மழை விட்ட மூன்றாவது சனிக்கிழமை காலையில் போனபோது பலகையில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது: இன்று பதினோரு மணிக்குப் பொதுப் பாதையில் களைக்கொல்லி தெளிக்கப்படும். மழைக்குப் பாதை ஓரம் முழுக்கப் பச்சை பிடித்திருந்தது உண்மைதான். செங்கல் ஜல்லி கொட்டிய பாதை, அதில் எதுவும் சாதாரணமாக வளராது. பார்த்தால் ஓரமாக ஒரே மாதிரிச் செடிகள், விட்டு விட்டு வரிசையாக நிற்கின்றன. என் கை சும்மா இருக்குமா? குனிந்து ஒன்றைப் பிடுங்கினேன்.

இரண்டு தடித்த இலை. ஓர் இலையின் நுனியில் விதைத் தோல் இன்னும் கழன்று விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பால் நிறம். ஒரு பக்கம் கருஞ்சிவப்புத் திட்டு.

நிமிர்ந்து பாதையைப் பார்த்தேன். குழியிலிருந்து ரயில் வேலி வரைக்கும், நான் விரிப்பை இழுத்த வழி நெடுக, ஏழு நடையிலும் பிடிக்காமல் விட்ட நான்காவது முனை வழியாகச் சிந்தியதெல்லாம் முளைத்து நின்றது. காய்ந்த நெற்று இழுத்த இழுப்பில் வெடித்திருக்கிறது. குழியில் கிடந்ததை அழுகவைத்த அதே மழை பாதையில் கிடந்ததை முளைக்கவைத்திருக்கிறது. பிடுங்கியதைப் பாதை ஓரமாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன்.

“அண்ணி, உடனே கிளம்பித் தோட்டத்துக்கு வா.”

“எதுக்கு?”

“வான்னா வாயேன்! ஒரு தடவையாவது எதுக்குன்னு கேக்காம வா!”

வந்தாள். இப்போது வாக்கர் இல்லை, ஒரு கைத்தடி. பாதையைப் பார்த்தாள். குழி முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு செடியாகத் தடியால் சுட்டிக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு நடந்தாள். நடுவில் ஓரிடத்தில் வெகு நேரம் குனிந்தே நின்றாள். முட்டி வலிக்கிறது போலிருக்கிறது என்று நான் பக்கத்தில் போகவில்லை. அவள் கன்னம் ஈரமாக இருந்தது. அதையும் நான் பார்க்காததுபோலவே இருந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு விதி சார் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வந்தார். “நகருங்கம்மா, மருந்து மேல படும்” என்றார்.

நான் பாதை நடுவில் போய் நின்றேன். “சார், அந்தப் புத்தகத்தை எடுங்க. விதி ஒன்பதைப் படிங்க.”

“எதுக்கும்மா இப்ப?”

“படிங்க சார்.”

எடுத்துப் படித்தார். நேர்மையான மனிதர், ஒரு வார்த்தையை விழுங்கவில்லை. “பொது இடத்தில் சேர்ந்த எதையும், கமிட்டியின் அனுமதியின்றி, ஒருவர் தனியாக அகற்றக் கூடாது.”

“இந்தப் பாதை பொது இடம்தானே?”

“ஆமா.”

“நீங்க ஒருத்தர்தானே?”

“நான் செயலாளர்மா.”

“செயலாளர்னா ரெண்டு பேர்னு எங்கயாவது போட்டிருக்கா? மனு எழுதிக் கொடுங்க. செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும்” என்றேன். எனக்கு இப்படியெல்லாம் பேச வரும் என்று அன்றுவரை எனக்கே தெரியாது. பின்னால் அண்ணி தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

விதி சார் தெளிப்பானை இறக்கி வைத்தார். ஆனால் புத்தகத்தை மூடவில்லை. ஒரு பக்கம் தள்ளினார், முகம் தெளிந்தது. “விதி பதினொண்ணு. பொதுப் பாதையில் பயிர் செய்கிறவரின் துண்டு பறிக்கப்படும். யாரு விதைச்சது இது?”

“என் விதை” என்று அண்ணி முன்னால் வந்தாள். “துண்டுதானே வேணும்? எடுத்துக்கோங்க. செங்கல்லு பொறுக்கி மண்ணாக்கின துண்டு, வர்றவங்க நல்லா இருக்கட்டும். இதுல மட்டும் ஒரு செடி மேல கை வைக்க விடமாட்டேன். இதோ இந்தக் கல்லு மேலயே உக்காந்துடுவேன்.”

பதினேழு என்ற எண்ணை அவர் எழுதப் போனார். நான் பேனாவின் மேல் கையை வைத்தேன்.

“சார், கேள்வியை ஒழுங்கா கேளுங்க. யாரோட விதைன்னா கேட்டீங்க? யாரு விதைச்சதுன்னு கேட்டீங்க. நான்தான் விதைச்சேன். இந்தக் கையால, இழுத்துட்டுப் போய், இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும். என் பேரை எழுதுங்க.”

“உங்களுக்கு இங்க துண்டே கிடையாதேம்மா” என்றார் அவர், பாவம்.

“கிடையாதுதான். அப்ப எதைப் பறிக்கப் போறீங்க?”

ஒரு ரயில் வந்து போனது. விதி சார் பேனாவைத் தட்டிக்கொண்டே நின்றார். கடைசியில், “எழுதித்தான் ஆகணும். குறிப்புலயாவது போட்டுக்கறேன். எத்தனை செடி?” என்றார்.

“நூத்தி முப்பத்தி நாலு” என்றாள் அண்ணி.

பொய்க் கணக்கு எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை. “நூத்தி முப்பத்தி மூணு, அண்ணி” என்றேன். “ஒண்ணை நான் பிடுங்கிட்டேன்.”

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மண் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“அதை நட்டாச்சு” என்றாள். “நூத்தி முப்பத்தி நாலுன்னே எழுதுங்க சார்.”